சம்பந்தி விருந்தில் பில்நாம் சொன்னது

ஹா பில்நாமுக்கு வாய் என்னவோ சின்னதுதான். ஆனால் அதிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வெளியே வருவதற்குள் சோஹோ சந்தையில் ஒரு படகு மீனை ஏலம் விட்டு முடித்துவிடலாம். தோங்யோங் துறைமுகத்து ஆட்கள் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். பாசம் வந்தால் திட்டுவார்கள், பாசம் பொங்கினால் இன்னும் சத்தமாகத் திட்டுவார்கள். இவள் அந்த ஊருக்கே ஒரு படி மேல்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. யோக்ஜி தீவில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவள். அடுத்ததாவது கட்டாயம் ஆணாகப் பிறக்கட்டும் என்று வேண்டி அவள் அப்பா வைத்த பெயர்தான் பில்நாம். குழந்தையை அழகு என்று யாராவது சொல்லிவிட்டால் அவள் அம்மா பதறிப்போய், "ஐயோ, இதுவா? கருவாடு மாதிரி இருக்கு" என்பாளாம். புகழ்ந்தால் குழந்தைக்கு ஆகாது என்று அந்தக் காலத்தில் தீவில் எல்லோரும் நம்பினார்கள். கருவாடு என்று கேட்டே வளர்ந்தவள், பாசம் என்றால் அப்படித்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

கல்யாணமாகித் தோங்யோங்குக்கு வந்ததிலிருந்து சந்தைக்குள் சூப்புக் கடை. விலாங்கு மீனின் முள்ளையும் தலையையும் வெகுநேரம் கொதிக்கவிட்டு, அதில் காய்ந்த முள்ளங்கிக் கீரையும் புளித்த சோயா விழுதும் போட்ட சூப். கடலிலிருந்து திரும்புகிற படகுக்காரர்கள் அதில் சோற்றைக் கவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள். புத்தாண்டுக்கும் அறுவடைப் பண்டிகைக்கும் தவிர அந்தக் கடை மூடியதில்லை. புருஷன் ஈரல் கெட்டுச் செத்தபோது மூடினாள், அவ்வளவுதான். மேற்கே ஜின்ஜு, கிழக்கே பூசான். அதற்கு அப்பால் தன் நாட்டை அவள் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறாள்.

ஒரே மகள் நாரே. சியோலில் ஒரு பதிப்பகத்தில் புத்தக அட்டை வரைகிற வேலை. வேலைக்குப் போன முதல் வருஷத்திலிருந்து, "ஒரு தடவை வாம்மா, ஊரெல்லாம் சுத்திக் காட்றேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "கடையை உங்க அப்பன் வந்து பார்ப்பானா?" என்று பில்நாம் செத்துப்போன மனுஷனை இழுத்துப் போனை வைத்துவிடுவாள்.

நாரேக்கு முப்பத்தைந்து தாண்டிய பிறகு கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை சாங்கியு, சியோல்காரன். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு குடும்பமும் ஒரு நல்ல ஹோட்டலில் எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும் அல்லவா? அதற்கு அம்மா வந்துதான் ஆக வேண்டும். நாரே அதையே சாக்காக வைத்து அலுவலகத்தில் லீவு போட்டாள், ஒரு வாடகைக் காரை ஓட்டிக்கொண்டு தோங்யோங்குக்கே வந்து நின்றாள். ஜொன்ஜு, சுவோன், அப்புறம் சியோல். கடைசி நாள் மத்தியானம் சம்பந்தி விருந்து என்று திட்டம்.

பக்கத்து மீன்கடை ஓக்சிம், பில்நாமைவிட மூத்தவள். கிளம்புகிற அன்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து இவளை ஓரமாக இழுத்தாள்.

"இங்க பாரு பில்நாம். போன வருஷம் என் பையன் ஊர் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போனான்ல? கார்ல ஏறினதும் அந்த மருமகப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'அத்தை, விலை ஜாஸ்தின்னு சொல்லக் கூடாது, உப்புன்னு சொல்லக் கூடாது, வீட்லயே செஞ்சிருக்கலாம்னு சொல்லக் கூடாது, இன்னும் எவ்வளவு தூரம்னு கேக்கக் கூடாது.'"

"அப்ப வாயைத் தைச்சிட்டுப் போக வேண்டியதுதான்."

"தைச்சிக்க. காட்டினதைப் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லு. அந்தப் பொண்ணு எத்தனை வருஷமா கெஞ்சுது. ஒரே ஒரு தடவை வாய் நிறையச் சொல்லிட்டு வா."

பில்நாம் உதட்டைப் பிதுக்கினாளே தவிர, மனசுக்குள் அதை எடுத்துக்கொண்டாள். இந்தப் பயணம் முடிவதற்குள் மகளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட வேண்டும். கல்யாணமாகிப் போய்விட்டால் பிறகு எங்கே? கார் ஊர் எல்லையைத் தாண்டும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்ததும், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்றாள்.

ஜொன்ஜுவில் பழைய ஓட்டு வீடுகளின் நடுவே தங்கினார்கள். தெருவெல்லாம் இளம்பெண்கள் வாடகைக்கு எடுத்த பட்டுப் பாவாடையும் மேல்சட்டையுமாகத் திரிந்தார்கள். நாரே அம்மாவையும் ஒரு கடைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். வெளிர்பச்சைப் பாவாடை, தந்த நிற மேல்சட்டை, தலையில் ஒரு கொண்டை ஊசி. பில்நாம் தன் கல்யாணத்திற்கே இரவல் உடுப்புதான் உடுத்தினாள், அதுவும் இடுப்பில் நிற்காமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கடைக் கண்ணாடியில் தெரிந்த பெண்மணியை அவள் கொஞ்ச நேரம் யாரோ என்று பார்த்தாள். அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், கழற்றவே மனசில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்றாள் நாரே, கையில் போனைப் பிடித்தபடி.

"அத்தனையும் நைலான்," என்றாள் பில்நாம்.

சாப்பாட்டுக் கடையில் மேஜை கொள்ளாமல் சின்னச் சின்னக் கிண்ணங்கள் வந்து இறங்கின. வேரும் கீரையும் மீனும் காளானும், நடுவில் காய்கறி சேர்த்துப் பிசைகிற ஜொன்ஜு சோறு. ஒரு வாய் வைத்ததுமே பில்நாமுக்குத் தெரிந்துவிட்டது, சமைத்தவள் கைதேர்ந்தவள் என்று. இத்தனை வருஷமாக அவள் அடுத்தவர் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட்டதே அபூர்வம். நல்லா இருக்குடி என்பது தொண்டை வரை வந்தது.

"இத்தனை கிண்ணத்தையும் எவ கழுவுவா?" என்று கேட்டாள்.

நாரே சிரித்தாள். முதல் நாள் என்பதால் அவளால் சிரிக்க முடிந்தது. "நீ கழுவ வேண்டாம், சாப்பிடு" என்று கோதுமைநிறக் காளான் துண்டு ஒன்றை எடுத்து அம்மாவின் சோற்றின்மேல் வைத்தாள். பில்நாம் அதைத் திருப்பி மகளின் சோற்றில் வைத்தாள். அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த மறுமொழி.

சுவோனில் கோட்டைச் சுவர் நெடுக நடந்தார்கள். இலையுதிர் காலத்து வெயில், நாணல் பூத்து வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தது. நாரே அந்தக் கோட்டையைப் பற்றி என்னென்னவோ படித்து வைத்திருந்தாள் போலிருக்கிறது, ஒவ்வொரு வாசலிலும் நின்று விளக்கினாள். மகளுக்கு இவ்வளவு தெரியுமா என்று பில்நாமுக்கு உள்ளுக்குள் பெருமை தாளவில்லை. வாயில் வந்தது, "நம்ம ஊர்லயும் மலை இருக்கு, கல்லும் இருக்கு." சியோலில் மலைக் கோபுரத்துக்குக் கேபிள் காரில் ஏறலாம் என்றபோது, "நம்ம ஊர்ல இல்லாத கேபிள் காரா? அங்கே கடலாவது தெரியும்" என்றாள். அதற்குப் பிறகு நாரே எதையும் எப்படி இருக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டாள். இதைப் பில்நாம் கவனித்தாள். கவனித்தும் தன் வாயைத் தானே பிடித்து நிறுத்தத் தெரியவில்லை.

விருந்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இருவரும் ஹான் ஆற்றங்கரையில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கரையோரக் கடையில் காகிதக் கிண்ணத்தைக் கொடுத்தால், அங்கேயிருக்கிற மெஷினே வெந்நீர் ஊற்றி நூடுல்ஸை வேகவைத்துக் கொடுத்துவிடும். நாரே அதில் ஒரு முட்டையை உடைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். பாலங்களில் விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. அம்மாவும் மகளும் தோள் உரச உட்கார்ந்து, ஊதி ஊதிச் சாப்பிட்டார்கள். பில்நாமுக்கு ஆயுசிலேயே இப்படி ஒரு சாயங்காலம் வாய்த்ததில்லை. யாரும் "அம்மா, இன்னொரு கிண்ணம்" என்று கூப்பிடவில்லை, அடுப்பு எதுவும் பின்னால் கொதிக்கவில்லை. மகளின் பக்கம் திரும்பினாள்.

"நாரே."

"என்னம்மா?"

"நீ..." என்று ஆரம்பித்தபோது நாரேயின் போன் அடித்தது. சாங்கியு. நாளைக்கு எந்த வாசலில் காத்திருப்பது, அவன் அப்பாவுக்கு என்ன மது பிடிக்கும், இப்படிப் பேச்சு நீண்டது. பேசி முடித்துவிட்டு நாரே, "ஏதோ சொல்ல வந்தியே?" என்றாள்.

"ஆறிப் போகுது, சாப்பிடு," என்றாள் பில்நாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், அதற்கென்ன என்று நினைத்தாள். பின்னால் அவள் தன்னையே அதிகம் நொந்துகொண்டது இந்த ஒரு நினைப்புக்காகத்தான்.

மறுநாள் விருந்து. தனி அறை, தாழ்வான நீள மேஜை, காகிதக் கதவு. சம்பந்தியம்மாள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், பேச்சு வெண்ணெய் தடவினாற்போல் இருக்கும். அவள் புருஷன் வாய் பேசாத மனிதர், மதுவை ஊற்றுவதும் தலையை ஆட்டுவதுமாக இருந்தார். பில்நாம் தன் ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, மீன் வாடை அடிக்கிறதோ என்று கையைத் தொடைக்கு அடியில் மறைத்து உட்கார்ந்திருந்தாள்.

இந்த மாதிரி விருந்தில் பேச்சு எப்படிப் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்தப் பக்கம் தன் பிள்ளையைக் குறைத்துச் சொல்லும், அந்தப் பக்கம் அதை மறுத்துப் பாராட்டும். பிறகு அந்தப் பக்கம் தன் பிள்ளையைக் குறைத்துச் சொல்லும், இந்தப் பக்கம் பாராட்டும். ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு. அதோடு மீனைப் பற்றியோ வானிலையைப் பற்றியோ பேச ஆரம்பித்துவிட வேண்டும்.

சம்பந்தியம்மாள் முறைப்படி தொடங்கினாள். "எங்க பையன் ஒண்ணும் தெரியாதவன். நாரே மாதிரி ஒரு பொண்ணு வரதுக்கு நாங்கதான் குடுத்து வச்சிருக்கணும். தனியா இருந்து இவ்வளவு நல்லா வளத்திருக்கீங்களே, சம்பந்தியம்மா."

"எங்கங்க வளத்தேன்? அது தானா வளந்துச்சு," என்றாள் பில்நாம். எல்லோரும் சிரித்தார்கள். நாரேயும் சிரித்தாள்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது சுற்றில் சாங்கியுவைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருந்தால் முறை முடிந்திருக்கும். ஆனால் சிரிப்பைக் கேட்டதும் பில்நாமுக்குத் தைரியம் வந்துவிட்டது. நாம் பேசுவது இந்தப் படித்தவர்களுக்குப் பிடிக்கிறது என்று நினைத்தாள். தாழ்த்தத் தாழ்த்த மரியாதை கூடும் என்றும் நினைத்தாள். சந்தையில் ஒரு வேலையைத் தொடங்கினால் முடிக்காமல் எழுந்திருக்கிறவளா அவள்?

"சோறு வச்சா அடி பிடிக்க வச்சிரும். காலைல எழுப்பறதுக்குள்ள என் உயிர் போயிரும். காலேஜ் பரிச்சை முதல் தடவை ஊத்திக்கிச்சு, ஒரு வருஷம் மூலைல உக்காந்து அழுதுட்டு அப்புறம் எழுதி உள்ள போச்சு. இந்தப் படம் வரையற வேலையெல்லாம் ஒரு வேலையா சொல்லுங்க? பிடிவாதம் வேற, அப்படியே அப்பன். அப்பன் இல்லாம வளந்ததுல்ல, மூக்குக்கு மேல கோவம்."

"அம்மா," என்றாள் நாரே, மெதுவாக.

"இருடி, உள்ளதைத்தானே சொல்றேன். என்னத்தங்க சொல்ல, நான் பையன்தான் வேணும்னு இருந்தேன். பையனாப் பொறந்திருந்தா கடையையாவது பாத்துட்டு இருந்திருப்பான்."

அந்த வார்த்தைக்கும் யாராவது சிரிப்பார்கள் என்று அவள் சுற்றிலும் பார்த்தாள். சாங்கியுவின் அப்பா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாங்கியுவின் காது சிவந்திருந்தது. நாரே கெட்டிலை எடுத்து அம்மாவின் கோப்பையில் டீ ஊற்றினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. பழகிப்போனவளின் முகம் அது.

சம்பந்தியம்மாள்தான் பேச்சை மாற்றினாள். பொரித்த கொடுவா மீனை முன்னால் இழுத்து, முள்ளை நிதானமாக நீக்கி, வயிற்றுப் பக்கத்து நல்ல சதையை எடுத்து நாரேயின் சோற்றின்மேல் வைத்தாள்.

"நீ சாப்பிடும்மா. உன்னோட அட்டைப் படம் எல்லாத்தையும் சாங்கியு காட்டினான். அந்த மழை பெய்யற அட்டை இருக்கே, அதை நான் அலமாரில வெளிய தெரியற மாதிரி வச்சிருக்கேன்."

நாரே தலையைக் குனிந்துகொண்டாள். மேஜை விளிம்பில் சொட்டு சொட்டாக விழுந்ததை அவள் கைத்துண்டால் துடைத்துவிட்டு, "நன்றி அத்தை" என்று சொல்லி மீனைச் சாப்பிட்டாள். எந்த மழை, எந்த அட்டை என்று பில்நாமுக்குத் தெரியாது. மகள் அனுப்பிய புத்தகங்களை அவள் பிரிக்காமல் உறையோடு பெட்டிமேல் அடுக்கி வைத்திருந்தாள், சூப்பு ஆவி பட்டுக் கெட்டுவிடக் கூடாதே என்று.

அம்மாவைத் தோங்யோங்குக்கு ஏற்றிவிட வந்த பஸ் நிலையத்தில் நாரே வழிக்குத் தின்ன வால்நட் பணியாரம் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தாள். சூடாக இருந்தது. பஸ் வந்து நின்ற பிறகு கேட்டாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன். இத்தனை நாள்ல எதாவது ஒண்ணு உனக்குப் பிடிச்சுதா? ஊரை விடு. என்கிட்ட எதாவது?"

பச்சைப் பாவாடை, ஆற்றங்கரை, கோட்டை வாசலில் நின்று கையை ஆட்டி ஆட்டி மகள் விளக்கியது, எல்லாம் ஒரே சமயத்தில் பில்நாமின் வாயில் வந்து முண்டியடித்தன. எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தான்.

"பஸ் கிளம்பிரும், நீ போ. காத்து சில்லுனு அடிக்குது," என்றாள்.

நாரே தலையை ஆட்டினாள், போய்விட்டாள். வழக்கமாக பஸ் திரும்பும்வரை நின்று கையசைப்பவள் அவள்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. பண்டிகைக்குப் பண்டிகை நாரே புருஷனோடு வருவாள், ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கிண்ணம் கழுவுவாள், அம்மாவுக்கு முட்டிவலி மாத்திரை வாங்கி வைத்துவிட்டுப் போவாள். ஆனால் 'வாம்மா, ஊர் சுத்தலாம்' என்று மட்டும் அதற்குப் பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை. ஒரு வசந்த காலத்தில் ஜெஜு தீவிலிருந்து போட்டோ வந்தது. மஞ்சள் பூ வயல் நடுவில் நாரேயும் சம்பந்தியம்மாளும் கன்னத்தோடு கன்னம் வைத்து நின்றார்கள். பில்நாம் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பொறாமை என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் தான் நின்றிருக்கலாம், நின்றிருந்தால் பூ வாடிப்போயிருக்கிறது என்று சொல்லித் தொலைத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் வைத்த சூப்பில் உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது.

ஓக்சிமிடம்தான் கடைசியில் வாய்விட்டு அழுதாள். ஓக்சிம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப மட்டும் என்ன கெட்டுப் போச்சு? மக உசுரோட இருக்கா, நீ உசுரோட இருக்க, போனும் இருக்கு. எடுத்துச் சொல்லித் தொலையேன்" என்றாள்.

"எப்படி ஆரம்பிக்கறது?"

"மீன் விக்கற என்கிட்டக் கேளு. நல்ல மீனுன்னு சொல்றதுக்கு ஆரம்பம் என்ன, முடிவு என்ன?"

படகுக்காரர் கூட்டம் ஓய்ந்த பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து பில்நாம் எண்களை அழுத்தினாள். ஓக்சிம் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா இந்த நேரத்துல? கடை இல்லையா?"

"எல்லாம் போயாச்சு. நாரே, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"ஜொன்ஜுவுல அந்தப் பச்சை உடுப்பு மாட்டிவிட்டியே, எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஆத்தங்கரைல நூடுல்ஸ் சாப்பிட்டோமே, அதுவும். என் ஆயுசுல அவ்வளவு நல்லா ஒரு நாளும் இருந்ததில்ல. நீ அனுப்பின புஸ்தகமெல்லாம் இப்பதான் பிரிச்சுப் பாத்தேன். எல்லாத்தையும். எவ்வளவு அழகா வரையற. நான் அன்னிக்குப் பேசினது தப்பு. எனக்குப் பையன் எதுக்கு? நீ தங்கமான பொண்ணு, நாரே."

மறுமுனையில் சத்தமே இல்லை. பில்நாம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். மகள் அழுகிறாள் என்று நினைத்தாள். அவளுக்கும் கண் கலங்கியது.

"அம்மா," என்றாள் நாரே. "ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"என்னது?"

"மறைக்காதம்மா. டாக்டர் என்ன சொன்னாரு? எங்க வலிக்குது உனக்கு? அப்பாவும் இப்படித்தான் கடைசில... நான் இப்பவே கிளம்பி வரேன். சாங்கியுகிட்டச் சொல்லி இங்க பெரிய ஆஸ்பத்திரில..."

"எனக்கு ஒண்ணும் இல்லடி."

"ஒண்ணும் இல்லாமயா நீ இப்படியெல்லாம் பேசற?"

பில்நாமுக்கு அப்போதுதான் புரிந்தது. தன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தால், அது சாவுச் செய்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று மகள் நம்புகிறாள். அந்த நம்பிக்கையை வளர்த்தது வேறு யாரும் இல்லை. மறுமுனையில் நாரே நாற்காலியைத் தள்ளுகிற சத்தமும், யாரிடமோ லீவு கேட்கிற சத்தமும் கேட்டன. அவள் பயத்தில் விம்ம ஆரம்பித்திருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டு பில்நாமால் எவ்வளவு நேரம் இருக்க முடியும்?

"ஏண்டி, போன மாசம் அனுப்பின கிம்ச்சி டப்பாவை ஏன் இன்னும் திருப்பி அனுப்பல?" என்று குரலை உயர்த்தினாள். "டப்பா என்ன மரத்துல காய்க்குதா? வாங்கித் திங்கத் தெரியுது, திருப்பித் தரணும்னு தெரியல? உனக்கெல்லாம் எந்த ஜென்மத்துல பொறுப்பு வரப் போகுது?"

போனில் நீளமாக ஒரு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு, அழுகையோடு கலந்து.

"அப்பாடா. பயந்தே போயிட்டேம்மா. நாளைக்கே அனுப்பறேன், போதுமா?"

"கழுவி அனுப்பு."

"கழுவி அனுப்பறேன்."

போனை வைத்துவிட்டுப் பில்நாம் காலிக் கிண்ணங்களை அடுக்க ஆரம்பித்தாள். ஓக்சிம் பொறுக்க முடியாமல் பக்கத்தில் வந்தாள்.

"நல்லாத்தானே சொன்ன, நடுவுல ஏன் கத்தின? என்ன சொன்னா பொண்ணு?"

"திட்டினப்புறம்தான் நிம்மதியானா அக்கா," என்றாள் பில்நாம்.